கண் விட்டுப்போன கிளி

ஆரணி
12-11-2024

சம்மந்தி துரைக்கண்ணு அவங்களுக்கு அருணகிரி எழுதுறது.

இங்க எல்லாரும் சௌக்கியம். அங்க சௌக்கியமான்னு கேக்கணும். கேட்டுட்டேன்.

களம்பூருக்கு பஸ் ஏறினா அரை மணி, போன் போட்டா அரை நிமிசம், இவன் இன்னாத்துக்கு கடுதாசி போடறான்னு நினைப்பீங்க. காரணம் உங்களுக்கே தெரியும். போன வருசம் உங்க மில்லு அரிசியில கல்லு கெடக்குதுன்னு ஒரு பேச்சுக்கு உங்ககிட்ட சொன்னேன். உங்க பொண்ணு சங்கீதா அதை ரெக்கார்டு பண்ணி சொந்தக்காரங்க குரூப்புல போட்டுது. செய்யாறு மாமன் வரைக்கும் எனக்கு போன் பண்ணி கல்லு எவ்ளோ பெருசுன்னு கேட்டான். அன்னிக்கே சத்தியம் பண்ணேன், களம்பூருக்கு இனிமே போன்ல பேசறதில்லைன்னு. எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்குங்க. நாலாவதுக்கு மேல எனக்கு தறிக்குழிதான் பள்ளிக்கூடம்.

விசயத்துக்கு வரேன். ஞாயித்துக்கிழமை நடந்தது விசயம்.

உங்க புள்ள வெற்றிச்செல்வனும் என் பொண்ணு தேவிப்ரியாவும் போலந்துல இருந்து மெசேஜ் அனுப்பிச்சாங்க. அவங்க சிநேகிதன் எழிலரசன்னு ஒருத்தன் அங்க படம் எடுத்திருக்கான், ரெண்டு அப்பாவும் ஒண்ணா குந்தி பாருங்க, பார்த்துட்டு எப்படி இருக்குதுன்னு எழுதுங்கன்னாங்க. சரின்னு உங்களைக் கூப்பிட்டோம். நீங்களும் வந்தீங்க. என் புள்ள ஹேமநாத், அவன் வாங்கின பெரிய டிவியில போட்டான். என் வூட்டுக்காரி உண்ணாமலை காலையில இருந்து வடை, பாயசம்னு அடுப்பை விட்டு நகரல. நீங்க பாதி படத்துல வேட்டிய உதறிக்கினு எழுந்தீங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயே போயிட்டீங்க. சம்மந்தி வூட்டுல கை நனைக்காம போறது எந்த ஊரு வழக்கம்? பொம்பளை இன்னும் அந்தப் பாயச சொம்பைப் பார்த்தா மூக்கை உறிஞ்சுது.

படத்தை நான் முழுசா பார்த்தேன். கடைசியில இங்கிலீசுல பேரு ஓட ஆரம்பிச்சதும் ஹேமநாத்தை அணைக்கச் சொல்லிட்டேன். ஒரு ஆளு, ஒரு பொம்பளை. ரெண்டும் பொழைக்க வந்த ஜனம், ஊரு வேற, பாஷை வேற, யாரும் இல்லாதவங்கன்னு அடியில எழுத்து வருதாம். ஞாயித்துக்கிழமை ஆனா காசு போட்டு துணி துவைக்கிற கடைக்கு வருவாங்க. பெஞ்சுல அந்தக் கோடியில அது, இந்தக் கோடியில இவன். அவங்கவங்க மிஷின் சுத்தறதைப் பார்த்துகினு குந்தியிருப்பாங்க. வாயைத் திறக்கறதே இல்ல. படம் எடுத்தவன் முகத்தையும் காட்டமாட்டேங்குறான். கம்பளி கோட்டு, தலையில முக்காடு மாதிரி தொப்பி, முதுகு, கை, கண்ணாடியில நிழலு. இவ்ளோதான் படம். பக்கத்து வூட்டு சிவகுமாரு, ஒண்ணேமுக்கால் மணி நேரத்துல ஒருத்தன்கூட வாயில ஒரு பருக்கை வெக்கலியேன்னான். ஹேமநாத்து மனசை பிசையுதுன்னான். உண்ணாமலை, அந்தப் பொண்ணு மடிப்பு நல்லா மடிக்குதுன்னுது. சும்மா இருன்னு அதட்டினேன்.

இன்னா மடிப்புன்னா, நீங்க எழுந்தீங்களே அந்த இடம். அந்த ஆளு பையில இருந்து ஒரு பட்டுப்புடவையை எடுக்கறான். மிஷினுல போடல, அது வரைக்கும் புண்ணியவான். சூடு காட்டறதுக்கு விரிக்கறான். ஆறு கெஜத்தை ஒத்தை ஆளா மடிக்க முடியாம தடுமாறறான். அந்தக் கோடியில இருந்த பொம்பளை எழுந்து வந்து இன்னொரு முனையைப் பிடிக்குது. ரெண்டு பேரும் மடிக்கறாங்க. அவ்ளோதான், போயிடுது.

சம்மந்தி, அது என் புடவை. நான் நெய்தது. அரக்கு பார்டர்ல கிளி வரிசை. அந்தக் கிளிக்கு கண்ணு கெடையாது. அட்டை குத்தறவன், தறிக்கு மேல டிசைன் போடற ஜக்கார்டு அட்டையில ஒரு ஓட்டையை விட்டுட்டான், அதனால பார்டர் பூரா ஒவ்வொரு கிளியும் குருடு. பாவு நூலை தறியில ஏத்தி பாதி நெய்த அப்பால கண்டுபிடிச்சேன். அந்தப் பாவுல மொத்தம் மூணு புடவை. அதோட அட்டையைக் கிழிச்சுப் போட்டு வேற போட்டாச்சு. உலகத்துல குருட்டுக் கிளி மூணே புடவையிலதான்.

ஒண்ணு என் பொண்ணு முகூர்த்தத்துக்கு கட்டினது. ஒண்ணு உங்க சம்சாரம் செல்லம்மாளுக்கு சம்மந்தி சீருன்னு வெச்சது. மூணாவதை கடைக்காரர் கிளியைப் பார்த்துட்டு திருப்பி அனுப்பிட்டாரு, என் பீரோவுல கெடக்குது, நேத்துகூட தொட்டுப் பார்த்தேன். செல்லம்மா புடவை ரெண்டு வருசத்துக்கு முன்னாடி அவங்க காலமானப்போ அவங்க மேல போர்த்தி அவங்களோடயே போயிடுச்சு. நாப்பது பேருக்கு முன்னாடி நீங்களே சொன்னீங்க. அப்போ மிச்சம் என் பொண்ணு புடவைதான்.

என் பொண்ணோட முகூர்த்தப் புடவை எவனோ ஒருத்தன் பையில எப்படிப் போச்சு? அதைப் பார்த்ததும் நீங்க ஏன் எழுந்தீங்க? என் பொண்ணு அங்க நல்லா இருக்குது. புருசனோட நல்லா இருக்குது. நல்லாத்தான் இருக்குதுன்னு எனக்குத் தெரியும். ஆனா உங்களுக்கு வேற ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லிடுங்க.

இப்படிக்கு
அருணகிரி


களம்பூர்
16-11-2024

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முப்பத்துநான்கு ஆண்டுகள் மில்லில் மேற்பார்வை பார்த்தவன் நான். இன்றுவரை எந்த வீட்டிலும் சாப்பாட்டை அவமதித்ததில்லை. அன்று தலை சுற்றியது. சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். உண்ணாமலை அம்மாளிடம் வருத்தம் தெரிவிக்கவும்.

அரிசியில் கல் இல்லை என்பதையும் இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன்.

படத்தைப் பற்றி நான் சொல்ல அதிகம் இல்லை. மெதுவான படம். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் தாங்கள் அந்த மனிதனைப் பற்றி 'எவனோ ஒருத்தன்' என்று எழுதியிருப்பது நியாயமில்லை. யாரும் இல்லாத ஊரில், தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டு, யாரையும் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்திருக்கிறான். ஒரு பெண் பக்கத்தில் இருந்தும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு என்றுதான் எனக்குப் பட்டது. அந்தப் பையன் மேல் திருட்டுப் பட்டம் கட்ட வேண்டாம். அந்தப் பெண்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. முன்பின் தெரியாத ஆண்மகன் கையில் இருக்கும் துணியை எழுந்துபோய்ப் பிடிப்பது என்ன பழக்கம்?

கிளியின் கண்ணை டிவியில் பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அரை நிமிடக் காட்சி. கண் உள்ள கிளியே கண் இல்லாததுபோல்தான் தெரியும். சினிமாக்காரர்கள் எங்கேயாவது ஒரு புடவை வாங்கியிருப்பார்கள். இதற்குப் போய் சந்தேகப்பட வேண்டாம்.

மற்றொன்று. தாங்கள் ஒரே கடிதத்தில் 'என் பொண்ணு நல்லா இருக்குது' என்று மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள். நான் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்கு மூன்று பதில் வந்தால், மில்லில் அந்த மூட்டையை நாங்கள் பிரித்துப் பார்ப்போம்.

இப்படிக்கு
வி. துரைக்கண்ணு


ஆரணி
20-11-2024

சம்மந்திக்கு,

உங்க கடுதாசி வந்தன்னிக்கு இங்க விடாத மழை. ஈரத்துல பாவு நைஞ்சு இழை இழையா அறுந்துகினு பேஜார். தறியில குந்த முடியாத நேரத்துல நல்லா யோசிக்க முடியுது. யோசிச்சேன்.

முதல்ல ஒரு கதை சொல்றேன். எங்க தெருவுல அய்யாக்கண்ணுன்னு ஒருத்தன். சேவல் சண்டைக்குன்னு ஒரு கறுப்பு சேவல் வளர்த்தான். ஒரு நாள் சேவல் காணும். எதிர் வூட்டு மேல சந்தேகம். அங்க கொழம்பு வாசனை வந்தா சுவரோரமா நின்னு மோந்து பார்ப்பான். பெரணமல்லூர் கோடாங்கிகிட்ட போயி குறி கேட்டான், அவன் மேற்கால பாருன்னான். மேற்கால இருந்தது மச்சினன் வூடு. அதோட மச்சினன் உறவும் போச்சு. பத்து நாள் கழிச்சு இவன் தறியை ஓட்டினா, மேல ஜக்கார்டு பெட்டிக்குப் பின்னால இருந்து சேவல் கூவுது. பத்து நாளும் அவன் தலைக்கு மேலயே குந்தியிருந்திருக்குது. தீனி யாரு போட்டதுன்னு கேட்டா, அவன் பொண்டாட்டி. சண்டைக்கு அனுப்ப மனசில்லாம ஒளிச்சு வெச்சிருக்கா. ஏன் சொல்றேன்னா, காணாம போன பொருளு எப்பவும் தெரிஞ்ச கையிலதான் இருக்கும்.

இப்போ உங்க கடுதாசி. அதுல 'அந்தப் பையன்'னு எழுதியிருக்கீங்க. படத்துல அந்த ஆளு முகம் ஒரு தரம்கூட வரல. தொப்பியும் முதுகும்தான். நான் அம்பது வயசு ஆளுன்னு நினைச்சேன். சிவகுமாரு அறுபதுன்னான். உண்ணாமலை மட்டும் ஒண்ணும் சொல்லல. பையன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?

விட்டேனா. ஹேமநாத் போன்ல அதே படத்தைப் போடச் சொல்லி, அந்த இடத்துல நிறுத்தி, ரெண்டு விரலால பெருசு பண்ணிப் பார்த்தேன். மூணு வாட்டி பார்த்தேன். கிளி என் கிளிதான், சத்தியம். ஆனா அப்பால முந்தி வந்துது சம்மந்தி. முந்தியில பச்சைக் குஞ்சம்.

என் பொண்ணு புடவையில அரக்குக் குஞ்சம். பச்சைக் குஞ்சம் வேணும்னு கேட்டவங்க செல்லம்மாதான். அரக்குல பச்சை வெச்சா எடுப்பா இருக்கும் அண்ணின்னு உண்ணாமலைகிட்ட சொல்லி, இவ ரெண்டு நாள் குந்தி முடிஞ்சு கொடுத்தா. முடிச்சு முடிச்சா நான் பார்த்திருக்கேன்.

அப்போ அது செத்துப் போனவங்க மேல போர்த்தின புடவை. சுமங்கலியா போனாங்க, சம்மந்தி கையால நெய்த பட்டோட போறாங்கன்னு நீங்க சொன்னீங்க. நான் அன்னிக்கு அழுத அழுகையில பாதி அந்தப் பேச்சுக்குத்தான். என் உழைப்பு ஒரு நல்ல மனுசியோட போச்சுன்னு ரெண்டு வருசமா தெருவெல்லாம் சொல்லிகினு இருக்கேன். அது போலந்துல துணி துவைக்கிற கடையில எப்படி வந்து நிக்குது?

வித்துட்டீங்களா? இல்ல, எங்க கையால நெய்த துணி உங்க வூட்டு பொணத்துக்கு வேணாம்னு தோணுச்சா? காதல் கல்யாணம்தான், ரெண்டு வூட்டுக்கும் முழு மனசு இல்லாம பண்ணதுதான். இருந்தாலும் மனசுல பட்டதைக் கேட்டுட்டேன். எழுத்துல கேட்டா ரெக்கார்டு பண்ண முடியாது, ஆனா கிழிக்கலாம். கிழிக்காம பதில் போடுங்க.

அருணகிரி


களம்பூர்
25-11-2024

சம்பந்தி அவர்களுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

புடவை செல்லம்மாளுடையதுதான். தங்கள் கண் சரி.

நடந்ததைச் சொல்கிறேன். வெற்றிச்செல்வன் விமானம் பிடித்து மறுநாள் வந்து சேர்ந்தான். அதுவரை நாம் காத்திருந்தது தங்களுக்குத் தெரியும். புடவையைப் போர்த்தி, ஊர்வலமாகக் கொண்டுபோனோம். சுடுகாட்டில் மேல் துணிகளை எடுத்தபோது வெட்டியான் அதை ஒதுக்கிப் போட்டான். என் மகன் குனிந்து எடுத்துச் சுருட்டி, தன் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். நான் பார்த்துவிட்டேன். "போட்டுடுடா, கூடாதுடா" என்றேன். "வாசனை இருக்குதுப்பா" என்றான். விட்டுவிட்டேன். பெண்கள் யாருக்கும் தெரியாது. சங்கீதாவுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று தங்களுக்கே தெரியும். சுடுகாட்டுக்குப் போன துணி வீட்டுக்குத் திரும்பியது என்று வெளியே வந்தால் அவனை எல்லோரும் ஏசுவார்கள். அதனால் அவளோடு போயிற்று என்று நான் சொன்னதை மாற்றவில்லை. தங்கள் உழைப்பை அவமதிக்க அல்ல. அந்த வார்த்தை மட்டும் என்னைச் சுட்டது.

இனி நான் எழுந்துபோன காரணம். புடவையை நான் கவனிக்கவே இல்லை. புடவை என்று ஒன்று வந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் பார்த்தது விரித்த கையை. வலது ஆள்காட்டி விரலில் ஒரு கணு குறைவு. பதினோரு வயதில் மில் பெல்ட்டில் கையை விட்டான். நான்தான் வேட்டியைக் கிழித்துச் சுற்றி, வேலூருக்கு லாரியில் தூக்கிக்கொண்டு போனேன். அந்த விரலை எந்த வெளிச்சத்திலும் எனக்குத் தெரியும்.

படத்தில் இருப்பவன் என் மகன். யாரும் இல்லாதவன் என்று அடியில் எழுத்துப் போடுகிறார்கள். ஒற்றை ஆளுக்கான துணியை மிஷினில் போட்டுவிட்டு, செத்துப்போன அம்மாவின் புடவையை மடிக்கத் தெரியாமல் நிற்கிறான். எவளோ ஒருத்தி இரக்கப்பட்டு வந்து முனையைப் பிடிக்கிறாள். இதை நான் தங்கள் வீட்டுக் கூடத்தில், தங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் பாயசம் குடிக்க வேண்டும். முடியவில்லை.

நடிப்பு என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நடிப்புக்கு எதற்கு அம்மாவின் புடவை? ஆறு மாதமாக அவன் போன் பேசும்போது பின்னால் தேவிப்ரியாவின் குரல் கேட்பதில்லை. கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறாள் என்பான். எல்லா நேரத்திலும் என்ன வேலை?

தாங்கள் 'என் புடவை எங்கே' என்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். இப்போது நான் கேட்கிறேன். என் மருமகள் எங்கே? மூன்று முறை நல்லா இருக்குது என்று எழுதிய தங்களுக்குத் தெரியாமல் இருக்காது.

துரைக்கண்ணு


ஆரணி
29-11-2024

சம்மந்திக்கு,

பதில் எழுத ரெண்டு தரம் பேனாவை எடுத்துட்டு, ரெண்டு தரமும் தறிக்கே போயிட்டேன். இன்னிக்கு உண்ணாமலை, எழுதறதா இருந்தா எழுது, இல்லாட்டி நான் பஸ் ஏறறேன்னுது. எழுதறேன்.

தெரியும். மறைச்சேன்.

வைகாசி மாசத்துல எங்க பாப்பா தேவிப்ரியா அவ அம்மாகிட்ட பேசுச்சு. வேற ஊருல வேலை கிடைச்சிருக்குது, ரயில்ல மூணு மணி நேரம், அங்கயே பொம்பளைங்களோட ஒரு ரூம்ல இருக்கேன்னுது. கொஞ்ச நாளைக்குத்தான், களம்பூருக்கு சொல்லாதீங்கன்னுது. சண்டையான்னு இவ கேட்டதுக்கு, சண்டை போட்டாகூட பரவாயில்லம்மா, பேச்சே இல்லன்னுது. அவங்க அம்மா போனதுல இருந்து அவரு வூட்டுல இருந்தாலும் இல்லாத மாதிரிதான்னு சொல்லிச்சாம். இன்னா வார்த்தை பாருங்க. இதை உங்ககிட்ட சொன்னா, என் புள்ளைய விட்டுட்டு போனவன்னு அதுக்குப் பேர் வந்துடும்னு பயந்தேன். அதனாலதான் படத்துல புடவையைப் பார்த்ததும் எனக்கு வேற மாதிரி தோணுச்சு. முகூர்த்தப் புடவையையே தூக்கி எவனுக்கோ கொடுத்துட்டு நிக்குதா, இல்ல உங்க புள்ள வித்துட்டானான்னு. உங்களை சந்தேகப்பட்டது முக்கால்வாசி என் பொண்ணு மேல இருந்த பயத்துல.

உங்க கடுதாசியைப் படிச்சுட்டு மறுபடி படத்தைப் போட்டேன். விரலைப் பார்த்தேன். குறைவுதான். கல்யாணத்துல மோதிரம் மாத்தும்போது அந்தக் கையைப் பிடிச்சு நானே கொடுத்திருக்கேன், எனக்குத் தெரியல. நாலு வாட்டி அந்த இடத்தைப் பார்த்தவன், நாலு வாட்டியும் நூலைத்தான் பார்த்திருக்கேன். பிடிச்ச கையை ஒரு தரமும் பார்க்கல.

அப்பால உண்ணாமலை பக்கத்துல வந்து குந்திச்சு. நான்தான் மொத நாளே சொன்னேனே, மடிப்பைப் பாருன்னு, என்னை அதட்டினியேன்னுது. பார்த்தேன் சம்மந்தி.

புடவையை எல்லாரும் மடிப்பாங்க. கடையில மடிக்கறது வேற. நெய்யற வூட்டுல, தறியில இருந்து அறுத்து எடுத்த புடவையை ரெண்டு பேரு மடிக்கறது வேற. குறுக்கால ஒரு இழு, மாத்திக் குறுக்கால ஒரு இழு, சுருக்கம் போக. அப்பால பார்டரோட பார்டர் சேர்த்து, எதிர்ல வந்து, தன் முனையை அந்தக் கையில கொடுத்துட்டு, கீழ விழுந்த மடிப்பை எடுத்துகினு பின்னால போவணும். முந்தி உள்ள போவணும், ஜரிகை வெளிச்சம் படாம. அந்தப் படத்துல கோட்டு போட்ட பொம்பளை பார்டரை தாடையில இடுக்கிகினு, ரெண்டு குறுக்கு இழு இழுத்துட்டு எதிர்ல வருது. தாடையில இடுக்கறது எங்க வூட்டுல ஒருத்திதான். எட்டு வயசுல கை எட்டாம இடுக்க ஆரம்பிச்சுது, வளர்ந்த அப்பாலயும் விடல. எச்சி படும்னு எத்தனை திட்டு வாங்கியிருக்குது என்கிட்ட.

முன்பின் தெரியாத ஆண்மகன் துணியை எழுந்துபோய் பிடிக்கறது இன்னா பழக்கம்னு கேட்டீங்களே. அது உங்க மருமவ.

ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க, ஒரே பெஞ்சுல. நீங்க உங்க முனையைப் பார்த்துட்டு எழுந்து போயிட்டீங்க. நான் நடுவுல கிளியை எண்ணிகினு இருந்தேன்.

ஆனா சந்தேகம் தீரல. மாத்திக்கிச்சு, அவ்ளோதான். ரெண்டு பேரு யாருன்னே தெரியாத மாதிரி நடிக்கறாங்களா, இல்ல யாரோ மாதிரி ஆயிட்டவங்களைக் கொண்டாந்து அந்த எழிலரசன் படம் பிடிச்சானா? பெஞ்சு ஒண்ணு. ஆனா மிஷினு ரெண்டு. அது துணி அதுல, இவன் துணி இதுல. மடிச்சு முடிச்சதும் அவங்கவங்க கோடிக்குப் போய் குந்திக்கிறாங்க. இதைப் பார்த்து ஹேமநாத்து நல்ல முடிவுங்கறான், உண்ணாமலை அழுவுது, நான் மிஷினை எண்ணிகினு குந்தியிருக்கேன்.

என் பொண்ணைக் கேக்க எனக்கு தைரியம் இல்ல. நீங்க உங்க புள்ளையக் கேளுங்க. ஜல்தி கேளுங்க.

அருணகிரி


களம்பூர்
5-12-2024

அன்புள்ள சம்பந்தி,

தங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பேச்சைத் திரும்பப் பெறுகிறேன். எவளோ ஒருத்தி என்று எழுதியதையும், பழக்கம் பற்றி எழுதியதையும் அடித்துவிடவும். தங்களிடம் உள்ள கடிதத்திலேயே தங்கள் பேனாவால் அடித்துவிடுங்கள்.

நானும் நேற்று சங்கீதாவை உட்காரவைத்து, முதல் முறையாகப் படத்தை முழுவதும் பார்த்தேன். தாங்கள் அணைக்கச் சொன்ன இடத்துக்குப் பிறகும் பார்த்தேன். பெயர்களை அவள் படித்துச் சொன்னாள். நடித்தவர்கள் என்று இரண்டே பேர், தேவிப்ரியா, வெற்றிச்செல்வன். அத்தனை கடிதமும் அந்த இரண்டு வரிக்குத்தான். நான் பாதியில் எழாமல் இருந்திருந்தால், தாங்கள் அரை நிமிடம் பொறுத்திருந்தால், ஒரு தபால்தலைகூடச் செலவாகியிருக்காது.

ஆனால் பெயர் தெரிந்து என்ன? தாங்கள் கேட்ட கேள்வி அப்படியே இருந்தது. சங்கீதாவின் போனை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய் மகனைக் கூப்பிட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. சேர்ந்து இருக்கிறீர்களா என்று கேட்டால் ஆமாம் என்பான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மில்லில் ஒரு லோடு நல்லதா என்று யாரையும் கேட்கமாட்டோம். நடு மூட்டையில் கையை விடுவோம். அதனால் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"டேய், துணி ஒரு மிஷின்ல போடறீங்களா, ரெண்டு மிஷின்லயா?"

அவன் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"படம் எடுத்த எட்டு ஞாயித்துக்கிழமையும் ரெண்டு மிஷின்பா," என்றான். "நெஜமாவே ரெண்டு. அவ ரயில்ல வருவா, எடுத்து முடிச்சதும் ரயில்ல போயிடுவா. ஒம்பதாவது ஞாயிறு படம் இல்ல. அவளா வந்தா. ஒரு மிஷின்தான் காலியா இருந்துது. அன்னியில இருந்து ஒண்ணுதான்."

பிறகு அவனே சொன்னான். அம்மா புடவை தன்னிடம் இருப்பது தேவிப்ரியாவுக்கே அதுவரை தெரியாதாம். பெட்டி அடியில் ஒளித்து வைத்து, அவள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பானாம். அவன் எதையோ மறைக்கிறான் என்று அவளுக்கு ஒரு வருடமாகச் சந்தேகம். கேட்டால் இவன் வாய் திறப்பதில்லை. படத்தில் ஏதாவது துணி மடிக்க வேண்டும் என்று அந்த எழிலரசன் சொன்னபோது, இவன் இதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வாயால் சொல்ல முடியாததைப் பையில் இருந்து எடுத்துக் காட்டியிருக்கிறான். அவள் எழுந்துவந்து முனையைப் பிடித்தது படத்துக்காகச் சொல்லிக்கொடுத்ததில்லை என்கிறான். பச்சைக் குஞ்சத்தைப் பார்த்ததும் தானாக எழுந்துவந்தாளாம். நம் இரண்டு பேரிடமும் இதைப் போனில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஒன்றாக உட்கார்ந்து பாருங்கள் என்று அனுப்பினார்களாம். நாம் உட்கார்ந்த அழகு நமக்குத் தெரியும்.

படம் எனக்குப் பிடித்திருக்கிறது என்று மாற்றி எழுதுகிறேன்.

15-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால், காலை பஸ்ஸில் வருகிறேன். பாயசம் வேண்டாம், சர்க்கரை. சோறு போதும். அரிசி நான் கொண்டுவருகிறேன், தாங்களே புடைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

துரைக்கண்ணு


ஆரணி
9-12-2024

சம்மந்திக்கு,

வாங்க. காலை பஸ்ஸுன்னா எட்டரைக்கு வரும், ஹேமநாத் வண்டியோட நிப்பான்.

நீங்க எழுதினதை நான் நம்பல. கோவிச்சுக்காதீங்க. புள்ளைங்க அப்பனுக்கு ஏத்த மாதிரி பேசும். அதனால உங்க கடுதாசியை யாருக்கும் காட்டாம, உண்ணாமலையை விட்டு பாப்பாவைக் கூப்பிட்டு அதே கேள்வியை கேக்கச் சொன்னேன். நான் கதவுக்குப் பின்னால நின்னேன். உங்க புள்ளை அதுகிட்ட சொல்லி வெச்சிருந்தா தெரிஞ்சுடும், குரல்ல ஒரு பூச்சு இருக்கும்.

துணி எத்தனை மிஷின்ல போடறீங்கன்னு இவ கேட்டா. ஒரு நிமிசம்கூட யோசிக்கல பாப்பா. "ஒண்ணுலதாம்மா. வெள்ளையை தனியா போடுன்னு தலையால அடிச்சுக்கினாலும் கேக்கறாரா? அவரோட கறுப்பு பனியன் சாயம் விட்டு என் துணி பூரா சாம்பல் கலரு"ன்னு ஆரம்பிச்சுது. கால் மணி நேரம் நிறுத்தல.

சாயம் ஒட்டியிருக்குது சம்மந்தி. இது சொல்லிக்கொடுத்து வராது. ஒரே தண்ணியில ஊறினாத்தான் வரும். இப்போ நம்பறேன்.

குருட்டுக் கிளி மூணாவது புடவையை வெளிய எடுத்து வெச்சிருக்கேன். செல்லம்மா என் பட்டோட போறாங்கன்னு நீங்க சொன்ன பேச்சு பாக்கி இருக்குது. அவங்க திதிக்கு அவங்க போட்டோவுக்கு முன்னாடி வைங்க, அப்பால சங்கீதா கட்டிக்கட்டும். நீங்க வந்ததும் நாம ரெண்டு பேருமா மடிக்கலாம், அப்பால எடுத்துகினு போங்க. எப்படி மடிக்கறதுன்னு நான் காட்டறேன், நீங்க உங்க முனையை விடாம பிடிச்சா போதும்.

சங்கீதாவையும் கூட்டிகினு வாங்க. போனை மட்டும் களம்பூர்லயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க.

அருணகிரி